கண்மை போடாத நாள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. எழுந்ததே தாமதம்; தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்ததில் இன்னும் தாமதம். தலையை வாரி, பொட்டை ஒட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். கண்மை போட மறந்துவிட்டேன். அலுவலக வாசலில் வாட்ச்மேன் அண்ணன், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். பத்து மணிக்குப் பக்கத்து சீட் தோழி, "நைட் தூங்கலையாடி?" என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலாளர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். சாயங்காலம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காய்ச்சல் இருக்குமோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. இரண்டு கண்ணிலும் ஒரு இழுப்புக் கருப்பு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

பெண்கள் ஏன் மேக்கப் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் மூன்று விடைகள் தயாராக இருக்கின்றன. ஆண்களைக் கவர என்பது ஒன்று. கம்பெனிக்காரன் விளம்பரத்தில் மயங்கி என்பது இரண்டு. எனக்காக, என் தன்னம்பிக்கைக்காக என்பது மூன்று. இதைப் பெரும்பாலும் பெண்கள் சொல்வார்கள், சில சமயம் கம்பெனிக்காரனே சொல்வான். ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றத்துக்கு இவ்வளவு போதும், எல்லா அணிக்கும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு என்னிடம் கேட்ட மூன்று பேரில் ஒருவர்கூட நான் அழகாக இல்லை என்று சொல்லவில்லை. நோயாளி மாதிரி இருக்கிறாய் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. தினசரி மேக்கப்பில் பெரும்பங்கு அடுத்தவர் பார்வையை இழுக்கப் போடுவதில்லை. அந்தப் பார்வை நம் முகத்தில் வந்து நின்று விசாரிக்காமல் நகர்ந்து போகட்டும் என்றுதான் போடுகிறோம்.

இது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, கன்னத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு வைப்பார்கள். உள்ளங்காலில் இன்னொன்று. ஆண் குழந்தைக்கும் உண்டு. அழகைக் கூட்ட வைக்கும் பொட்டு இல்லை இது. அழகைக் கொஞ்சம் கெடுத்து, பார்க்கிறவர் கண் அந்தக் கருப்பில் விழுந்து அதோடு போகட்டும் என்று வைப்பது. நம்மில் பெரும்பாலோர் முகத்தில் ஏறிய முதல் மை திருஷ்டிக்குத்தான்.

அந்த மையைச் செய்வதும் லேசான வேலை இல்லை. எங்கள் ஆச்சி கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் காயவைப்பாள். மறுபடி நனைப்பாள், மறுபடி காயவைப்பாள். அதைத் திரியாக்கி விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். விடிந்தால் தட்டின் அடியில் வெல்வெட் மாதிரி கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டி, ஒரு துளி எண்ணெய் விட்டுக் குழைத்துச் சிமிழில் அடைப்பாள். பூச்சு எதுவும் போடாத பெண் என்று எங்கள் வீட்டில் பெயரெடுத்தவள் அவள்தான்.

எனக்கு நேர்ந்ததற்கு ஆய்வுக்கூட விளக்கமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய அளவை எடுத்துக்கொண்டார். கண், உதடு ஆகியவற்றின் கருமைக்கும் சுற்றியுள்ள தோலின் வெளுப்புக்கும் எவ்வளவு இடைவெளி? சராசரியாகப் பெண் முகங்களில் இந்த இடைவெளி ஆண் முகங்களைவிட அதிகமாக இருந்தது. மையும் உதட்டுச்சாயமும் அதே இடைவெளியை இன்னும் கூட்டுகின்றன. 2013இல் அவரும் சக ஆய்வாளர்களும் செய்த இன்னொரு ஆய்வு, வயது ஏற ஏற இந்த இடைவெளி குறைகிறது என்றது. இடைவெளியைச் செயற்கையாகக் கூட்டிய படங்களைப் பார்த்தவர்கள் அந்த முகங்களை இளமையாக மதிப்பிட்டார்கள். தினமும் கூட்டி வைத்திருந்த இடைவெளி ஒரு நாள் திடீரென்று குறைந்தால், வாட்ச்மேன் அண்ணனுக்கு அது களைப்பாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அவர் மூளை கணக்கைச் சரியாகத்தான் போட்டது. கணக்கில் பிழை வைத்தது நான், இருபது வருஷமாகத் தினமும் மை போட்டு.

பெண்கள் மேக்கப்பைப் பற்றிச் சொல்லும்போது 'போட்டா நல்லா இருக்கும்' என்பதைவிட 'போடலைன்னா ஒரு மாதிரி இருக்கு' என்று அதிகம் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். முதலாவது ஆசையிலிருந்து வருகிறது. இரண்டாவது தவணை கட்டுகிறவர் குரல்.

2011இல் உளவியலாளர் நான்சி எட்காஃப் குழுவினர் செய்த ஆய்வு உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. ஒரே பெண்களை மேக்கப் இல்லாமலும், மெல்லியது முதல் பளிச்சென்றது வரை மூன்று அளவு மேக்கப்போடும் படம் எடுத்து, கால் நொடி மட்டும் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். மேக்கப் போட்ட முகங்களுக்கு அழகில் மட்டுமல்ல, திறமையிலும் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. அதே படங்களை நிதானமாகப் பார்க்கவிட்டபோது, பளிச்சென்ற மேக்கப் போட்ட முகங்களுக்கு நம்பகத்தன்மையில் மதிப்பெண் குறைந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அழகுசாதனப் பொருள்களும் விற்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்காக முடிவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கொஞ்சம் எச்சரிக்கையோடு படித்தால் போதும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் வந்த ஆய்வு. அலெக்ஸ் ஜோன்ஸ், ராபின் கிரேமர் ஆகியோர் செய்தது. 44 பெண்கள், வெளியே போகும்போது போடுவது போல மேக்கப் போட்டுக்கொண்டார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கணினியில் கலந்து, மேக்கப்பைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்து பார்வையாளர்களிடம் கொடுத்தார்கள். 'உங்களுக்கு எந்த அளவு பிடிக்கிறது?' என்று கேட்டதற்கு, ஆண்களும் பெண்களும் அந்தப் பெண்கள் உண்மையில் போட்டிருந்ததைவிடக் குறைந்த அளவைத்தான் காட்டினார்கள். 'மற்றவர்களுக்கு எது பிடிக்கும்?' என்று கேட்டால் இருவருமே அளவைக் கூட்டினார்கள். யாரும் கேட்காத ஒன்றை, எல்லோரும் கேட்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் மொய்த் தொகை ஏறும் விதமும் இதுதான்.

ஆண்களைக் கவர என்ற விடை இங்கேயே பாதி ஆட்டம் கண்டுவிடுகிறது. மீதிப் பாதிக்குப் பெரிய ஆய்வு வேண்டாம், ஒரு வளைகாப்புக்குப் போய் வந்தால் போதும். கூடம் முழுக்கப் பெண்கள். ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பந்தி எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கூடத்தில்தான் ஐலைனர் மிக நுணுக்கமாக இழுக்கப்பட்டிருக்கும். மருதாணி எவ்வளவு சிவந்திருக்கிறது என்று ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துப் பார்ப்பாள். லிப்ஸ்டிக் பூசியதையே பல கணவர்கள் கவனிப்பதில்லை. கவனிக்கிற நாத்தனார் அது என்ன ஷேடு என்று சொல்லிவிடுவாள். காதலுக்காக, வரனுக்காக யாருமே ஒப்பனை செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. தினமும் செய்வதற்கு அது போதுமான காரணமில்லை என்கிறேன்.

கவர்வது என்ற விடையின் இழிந்த வடிவம்தான் 'ஏமாற்று' என்பது. கல்யாணத்துக்கு முன் முகத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்ற நகைச்சுவை சினிமாவிலும் வாட்ஸ்அப்பிலும் ஓய்வதே இல்லை. அதே ஜோன்ஸும் கிரேமரும் செய்த மற்றொரு ஆய்வில், ஒரு முகத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் மேக்கப்பின் பங்கு மிகச் சிறிதாக இருந்தது. அது யாருடைய முகம் என்பதுதான் பெரும்பங்கைத் தீர்மானித்தது. தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைகள் இதைப் படித்து நிம்மதி அடையலாம்.

சரி, நம் மண்ணில் ஒப்பனை எப்போதாவது பெண்ணின் சொந்த விஷயமாக இருந்ததா? சங்கப் பாடல்களில் வரும் தொய்யிலை எடுத்துக்கொள்வோம். பெண்ணின் மார்பிலும் தோளிலும் சந்தனக் குழம்பால் கொடியும் கரும்பும் எழுதுவது. பல இடங்களில் எழுதுபவன் காதலன். உடம்பு அவளுடையது, கோலம் அவனுடையது, வாசிப்பது ஊர். சிலப்பதிகாரத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கோவலனின் ஊடல் தீர்க்க மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்ளும் பகுதி கடலாடு காதையில் வருகிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் குளிக்கிறாள். கூந்தலுக்குப் புகையூட்டுகிறாள். காலில் செம்பஞ்சுக் குழம்பு. பிறகு கால் விரலில் தொடங்கித் தலை வரை நகைகள். இன்றைய பிரைடல் பேக்கேஜ் பட்டியல் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. அதே காப்பியத்தில், பிரிந்திருக்கும் கண்ணகியின் கண் மையை மறந்திருக்கிறது, நெற்றியில் திலகம் இல்லை. இளங்கோ அவள் துயரத்தைச் சொல்லும் வழியே அதுதான்: எவையெல்லாம் பூசப்படவில்லை என்ற பட்டியல். மை இல்லாத கண்ணைப் பார்த்து 'என்ன ஆயிற்று?' என்று கேட்பது வாட்ச்மேன் அண்ணனிலிருந்து தொடங்கியதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாதவிக்கு ஒப்பனை தொழில், கண்ணகிக்கு அது கணவன் இருப்பதன் அடையாளம். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் இரண்டாவது வழக்கம்தான் குடும்பப் பெண்ணின் சட்டமாக இறுகியது. மஞ்சள், குங்குமம், பூ, வளையல் எல்லாம் சுமங்கலியின் உரிமை என்றார்கள். உரிமை என்று கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் ஒரு நாள் வைத்திருந்தார்கள். கணவன் செத்த வீட்டில், கடைசியாக ஒருமுறை முகம் நிறைய மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, பிறகு எல்லோர் முன்னிலையிலும் அதை அழிப்பார்கள். சிறுமியாக ஒருமுறை பார்த்திருக்கிறேன். பொட்டை அழித்தது இன்னொரு விதவையின் கை. இன்றைக்குப் பல குடும்பங்கள் இதை விட்டுவிட்டன. விடாத குடும்பங்களும் ஏராளம்.

விழுப்புரத்துக்கு அருகில் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவுக்குக் கூடும் திருநங்கைகள் இந்த இரண்டு முனைகளையும் ஒரே இரவில் கடக்கிறார்கள். பாரதப் போருக்குப் பலியாகும் அரவானுக்கு மணப்பெண்ணாகி, பட்டும் பூவும் மையும் உதட்டுச்சாயமுமாகத் தாலி கட்டிக்கொள்வார்கள். விடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுவார்கள். தன் முகத்தைப் பெண் முகம் என்று பிறரை ஒப்புக்கொள்ள வைக்கவே ஆண்டு முழுக்கப் போராடும் ஒருவருக்கு, உதட்டுச்சாயம் அழகுப் பொருளாக மட்டும் இருக்க முடியாது. பிறவிப் பெண்ணிடம் 'ஏன் இவ்வளவு மேக்கப்?' என்று கேட்பவர்கள், அவரிடம் அதைக் கேட்கும் தொனியே வேறு.

கடைச் சரக்கு பிறகு வந்தது. எங்கள் தலைமுறையில் மேக்கப் என்றால் டால்கம் பவுடர். மாநிறத்துக்கும் கருப்புக்கும் அது ஒத்துவராது, வியர்வையில் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்து நிற்கும். 'சுண்ணாம்பு அடிச்ச மாதிரி' என்று பையன்கள் கத்துவார்கள். ஆண்டுவிழா மேடைக்கு டீச்சர் ஒரே லிப்ஸ்டிக்கை நாற்பது பிள்ளைகளின் உதட்டில் இழுத்துவிடுவார், கன்னத்துக்கும் அதையேதான் தேய்ப்பார். ஐடெக்ஸ் மைச் சிமிழ் வீட்டுக்கு வீடு இருந்தது. லிப்ஸ்டிக் மட்டும் நீண்ட காலம் 'அந்த மாதிரிப் பெண்களுடைய' பொருளாகவும் சினிமாக்காரர்கள் பொருளாகவும் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. 'அரிதாரம் பூசுவது' என்ற சொல்லே மேடையிலிருந்து வந்தது. அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். கூத்துக்காரர் முகத்தில் ஏறிய நிறங்களில் அதுவும் ஒன்று.

லாக்மே பிறந்த கதை வேடிக்கையானது. சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டு அழகுசாதனங்களுக்காக அந்நியச் செலாவணி வெளியேறுவது நேரு அரசுக்குக் கவலையாக இருந்தது. அந்தப் பின்னணியில் டாடா குழுமம் 1952இல் லாக்மேயைத் தொடங்கியது. பெயர் ஒரு பிரெஞ்சு ஓபராவிலிருந்து வந்தது. அதன் வேர் நம் லட்சுமிதான். உதட்டுச்சாயம் தேசப் பொருளாதாரத்தின் அங்கமானது இப்படி. பெண்கள் கம்பெனிகளால் ஏமாற்றப்படுகிறார்கள் என்ற வாதத்தை நான் முழுசாக ஏற்கமாட்டேன். லாக்மேக்கு முன்பே பெண்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால்தான் செலாவணி போனது.

ஆனால் ஒரு இடத்தில் அந்த வாதம் அப்படியே உண்மை. அது நிறம். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் வந்தது. கருப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, கிரீம் தடவினால் இரண்டும் நடக்கும் என்று பல ஆண்டுகள் டிவி விளம்பரமாக வீட்டுக் கூடத்தில் வந்து சொன்னது. சென்னைக் கம்பெனி ஒன்றும் பின்னால் குங்குமப்பூவோடு களத்தில் இறங்கியது. 2009இல் இதே சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் புறப்பட்டது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். 2020இல் அந்தக் கிரீம் பெயரை மாற்றிக்கொண்டது. ஃபேர் போய் க்ளோ வந்தது. டப்பாவில் பெயர் மாறிய பிறகும், கல்யாண மேடையில் மணப்பெண் முகத்துக்கு இரண்டு ஷேடு வெளுப்பாகத்தான் ஃபவுண்டேஷன் போகிறது. மாலைக்குக் கீழே கழுத்தும், தாம்பூலம் வாங்கும் கையும் அவளுடைய சொந்த நிறத்தில் இருக்கும். பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017இல் 40 ஷேடுகளோடு வந்தபோது அது உலகச் செய்தியானது. தன் தோலின் நிறத்துக்கே பொருந்தும் ஒரு ஃபவுண்டேஷன் கிடைப்பது அதுவரை எத்தனை அரிதாக இருந்தது என்பதற்கு அந்தப் பரபரப்பே சாட்சி.

வெளுப்பு ஆசைக்கு உடம்பும் விலை கொடுக்கிறது. பாதரசம் தோலில் கருநிறமி உருவாவதைத் தடுக்கும், அதனால் சில மலிவு கிரீம்களில் அதைச் சேர்க்கிறார்கள். தோல் வழியே உள்ளே போய் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் தடவியவர்கள் சிறுநீரகக் கோளாறோடு வந்ததை மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் ஒழிப்பதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை, தோழியே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வேலைக்கு வருவோம். எனக்கு இதுதான் விஷயத்தின் கனமான பகுதி. அமெரிக்காவின் ரீனோ நகரில் ஹாரா கசினோவின் மதுக்கூடத்தில் டார்லின் ஜெஸ்பர்சன் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர், நல்ல பெயர் எடுத்தவர். 2000இல் நிறுவனம் புதிய விதி கொண்டுவந்தது: பெண்கள் பவுடர், கன்னச்சாயம், மஸ்காரா, லிப்ஸ்டிக் போட்டே ஆக வேண்டும், ஆண்கள் எதுவும் போடக்கூடாது. அவர் மறுத்தார், வேலை போனது. வழக்குப் போட்டார். 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விதி இருப்பதாலேயே பெண்களுக்குக் கூடுதல் சுமை என்று நிரூபணமாகவில்லை என்றது. மேக்கப் போட எவ்வளவு நேரமாகும், எவ்வளவு செலவாகும் என்பதற்கு அவர் தரப்பு ஆதாரம் தரவில்லையாம். எந்த வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டியிருந்தாலும் அந்த ஆதாரம் கிடைத்திருக்கும். வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் பணிப்பெண்களுக்கு மேக்கப் கட்டாயமில்லை என்று அறிவித்தது 2019இல்தான்.

நம் ஊரில் இதைப் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. 'கொஞ்சம் ப்ரெசென்டபிளா வாம்மா' என்று ஒரு வரி போதும். தி.நகர் துணிக்கடை ஒன்றில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். ஒரே சீருடைப் புடவை, ஒரே கொண்டை, ஒரே லிப்ஸ்டிக், இருபது பெண்கள். அவர்கள் முகத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை கொண்ட கடைகளில், உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே லிப்ஸ்டிக் அவர்களுடைய விருப்பமா என்று கேட்பது வெட்டிப் பேச்சு. அது சீருடையின் மேல் பொத்தான்.

அலங்காரத்துக்குச் சம்பளத்தில் பலன் உண்டா? 2016இல் ஜாக்லின் வோங், ஆண்ட்ரூ பென்னர் என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். கவர்ச்சியானவர்களாக மதிப்பிடப்பட்டவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பெண்களைப் பொறுத்தவரை அந்தக் கூடுதலில் பெரும்பகுதி பிறவி அழகால் வரவில்லை, தன்னைச் சீர்செய்துகொண்டு வருவதால் வந்தது. இதில் மேக்கப்போடு முடியும் உடையும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. பொருளாதார அறிஞர் டேனியல் ஹாமர்மெஷ் குழுவினர் ஷாங்காய் பெண்களை ஆராய்ந்தபோது வேறு மாதிரி விடை வந்தது: உடைக்கும் ஒப்பனைக்கும் செலவழித்ததில் மிகச் சிறு பகுதியே சம்பளமாகத் திரும்பியது, மீதியெல்லாம் அனுபவிப்பதற்கான செலவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது. சீர்செய்யாமல் போனால் தண்டனை நிச்சயம். ஆனால் தண்டனையிலிருந்து தப்பித்த பிறகும் பெண்கள் செலவு செய்கிறார்கள். ஏன்?

ஏனென்றால் அதில் சந்தோஷம் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள நம் அறிவாளிகளுக்குக் கொஞ்சம் கூச்சம். எழுத்தாளர் நவோமி வுல்ஃபின் 'த பியூட்டி மித்' நூல் 1990இல் வந்தது முதல், அழகு என்பது பெண்களைக் கட்டிப்போடும் கயிறு என்று எழுதுவது எளிது. அதில் உண்மையும் நிறைய. ஆனால் மார்கழிக் காலையில் வாசலில் இழைக்கோலம் போடும் பெண்ணை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. இமையோரம் ஒரு கோட்டை நடுங்காமல் இழுத்து, கடைக்கண்ணில் வால் பிரித்து, அடுத்த கண்ணிலும் அதே கோணத்தில் கொண்டுவருவது கைவேலை. ஓடும் டவுன் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதைச் செய்து முடித்த கல்லூரிப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். சிக்னலில் பஸ் நிற்கும் வரை காத்திருந்து, நின்றதும் ஒரே இழுப்பு. சுற்றி நின்ற நாங்கள் நாலு பேரும் மூச்சை விட்டோம்.

எங்கள் தெருவில் வீட்டு முன்னறையையே பார்லராக்கி நடத்தும் அக்காவிடம் கேட்டேன், எதற்காக வருகிறார்கள் என்று. "பாதிப் பேர் புருவத்துக்கு வர்றாங்க. மீதிப் பேர் உக்கார வர்றாங்க" என்றார். வீட்டில் தன்னை யாரும் கூப்பிடாத அரை மணி நேரம், அவர்கள் முகத்தை இன்னொருவர் மெதுவாகத் தொடும் அரை மணி நேரம், அவரிடம் மட்டும்தான் கிடைக்கிறதாம். தையல் மெஷினைப் போலவே நம் ஊரில் பெண்கள் சொந்தக் காலில் நிற்க உதவிய தொழில் இது. அதிலும் பணம் புழங்கும் இடத்தில் கதவு மூடியே இருந்தது. மும்பைத் திரைப்படச் சங்கத்தில் பெண்கள் சிகை அலங்காரம் மட்டுமே செய்யலாம், மேக்கப் கலைஞர் அட்டை ஆண்களுக்குத்தான் என்ற விதி பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. சாரு குரானா என்ற கலைஞர் எதிர்த்து நின்றார். 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. கதாநாயகி முகத்துக்குச் சாயம் வேண்டும், சாயம் தொடும் கை பெண்ணுடையதாக இருக்கக் கூடாது என்று அதுவரை யாருக்கும் உறுத்தாமல் இருந்திருக்கிறது.

சந்தோஷத்துக்கும் பிழைப்புக்கும் அப்பால் இன்னொரு தேவையும் உண்டு. கீமோதெரபியில் முடி கொட்டுவது எல்லோருக்கும் தெரியும். புருவமும் இமைமுடியும் கொட்டுவதை அனுபவித்தவர்தான் சொல்வார். என் உறவுக்காரப் பெண் ஒருவர் தலைக்குத் துணி கட்டிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புருவம் போனதும்தான் அழுதார். கண்ணாடியில் யாரோ நிற்கிறார்களாம். பென்சிலால் புருவம் வரையக் கற்றுக்கொண்டார், பிறகு ஆஸ்பத்திரிக்கே அப்படித்தான் போனார். அமெரிக்காவில் 1989 முதல் புற்றுநோய் நோயாளிகளுக்கு இதை இலவசமாகக் கற்றுத்தரும் திட்டம் ஒன்று நடக்கிறது. வரைந்த அந்தப் புருவம் யாரையும் கவர வரைந்ததில்லை. பக்கத்து வீட்டார் முகத்தைப் பார்த்து 'அச்சச்சோ' சொல்லாமல் இருக்க வரைந்தது.

2018இல் தென் கொரியாவில் இளம் பெண்கள் பவுடர் டப்பிகளை உடைத்து, லிப்ஸ்டிக்குகளை நசுக்கிப் படம் எடுத்துப் போட்டார்கள். மேக்கப் போட்டே தீர வேண்டிய சமூகத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும். 2023 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு அழகு நிலையங்களை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கான பெண்களின் பிழைப்போடு, ஆண்கள் நுழையாத கடைசிக் கூடங்களில் ஒன்றும் போனது. சியோலில் லிப்ஸ்டிக்கை உடைத்தவளும் காபூலில் பார்லரை இழந்தவளும் எதிரெதிர்க் கட்சியாகத் தெரியலாம். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: என் முகத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்காதே.

நான் அடுத்த நாளே மையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அந்தக் கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்லத் தெம்பில்லை. கொஞ்சம் எனக்குப் பிடிக்கவும் பிடிக்கும். இரண்டும் எத்தனைக்கு எத்தனை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. உங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் கண்மை இல்லாமல் வந்தால், உடம்புக்கு என்ன என்று கேட்காதீர்கள். வேலை விஷயம் ஏதாவது இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் டீ சாப்பிடக் கூப்பிடுங்கள்.